புதுச்சோற்றில் மலைச்சுண்டை

பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு ஒன்று எங்கள் கோவில்பட்டியிலிருந்து ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கிறது. களியக்காவிளையில் பஸ் மாறி ஏறினால் போதும். கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுவிடும். வெயிலுக்குப் பழகிய நம் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். சோறு பருத்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம் நான் அங்கே போனேன். ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை செல்வியைப் பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வேலை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

நான் பயந்த சுபாவம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் பல்லி முதல் பஸ் டிரைவர் வரை எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். தெரியாத ஊரில் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பாறசாலையில் இறங்க வேண்டியவள், இறங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கேரளத்து பஸ்ஸில் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்தான். எல்லோரும் சடசடவென்று அதை இறக்கிவிட, உள்ளே பட்டப்பகலில் இருட்டு. எந்த ஊர் வருகிறது, எது போகிறது என்று தெரியவில்லை. பக்கத்து அம்மாளிடம் கேட்டேன். பாறசாலை அப்போதே போய்விட்டதே என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார். அலறியடித்து இறங்கிய இடம் அமரவிளை. சோதனைச் சாவடிப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. நனைந்த பெட்டியோடு ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கினேன்.

கடைக்காரர் ஒரு கிளாஸில் சுடுதண்ணீர் வைத்தார். அது சிவப்பாக இருந்தது. மரப்பட்டை போட்டுக் காய்ச்சியதுதான், உடம்புக்கு நல்லது என்று அவர் நல்ல தமிழிலேயே சொன்னார். நான் தலையாட்டிவிட்டுத் தொடவில்லை. வாழைக்காய் பஜ்ஜி மாதிரி ஒன்றை வாங்கிக் கடித்தால் உள்ளே பழம் இனித்தது. பஜ்ஜி என்றால் காரம் என்று நினைத்துத்தானே கடிக்கிறோம். அதையும் பாதியில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் செல்வியின் கணவர் மணிகண்டன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பாறசாலை வங்கியொன்றில் குமாஸ்தா. நான் இறங்காததைப் பார்த்துவிட்டு பஸ் பின்னாலேயே வந்திருக்கிறார். "பாறசாலையில எறங்காதவங்க எல்லாம் அமரவிளையிலயாக்கும் நிப்பாங்க, மைனி" என்று சிரித்தார். ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. அது வழியில் ஆடும் என்று எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர்கள் ஊரான ஆரியங்கோடு வரைக்கும் அந்தப் பை என் மடியில்தான் வந்தது.

பைக்குள் என்ன என்று கேட்டதற்குச் சுண்டைக்காய் என்றார். மறுநாள் அவர்கள் வீட்டில் புத்தரி, அதாவது புதுநெல்லரிசி பொங்கி முதல் சோறு உண்ணும் நாள். அந்தச் சோற்றோடு மலையில் விளைந்த புத்தரிச்சுண்டையைக் கசப்போடு தின்பது அவர்கள் வீட்டு வழக்கம். மற்ற வருஷங்களில் சந்தையில் வாங்குவார்களாம். இந்த வருஷம் மருமகள் வயிற்றில் பிள்ளை. அதனால் மகனே மலைக்குப் போய்த் தன் கையால் பறித்து வரவேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார். லீவு போட்டு, கிழக்கே மலையடிவாரம் வரை போய்ப் பறித்துக்கொண்டு நேரே வந்திருக்கிறார்.

அந்த அம்மாவை நான் அத்தை என்றே கூப்பிடுவேன். பெயர் பகவதியம்மாள். கணவர் இல்லை. ரப்பருக்கு நடுவில் ஒரு துண்டு வயலைப் புத்தரிக்காகவே விட்டு வைத்திருக்கிற பிடிவாதக்காரி. வாசலில் நின்று, "வா மக்கா, நனஞ்சு போனியே" என்று துண்டை நீட்டினார். மணிகண்டன் பையைக் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். சுண்டை முள் கையைக் கிழித்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்களாம், பாருங்கள், ஒரு கீறல் இல்லை. பகவதி அம்மன் காத்தாள் என்றார் அத்தை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

செல்வி பூரித்துப் போயிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உருளல். சாயங்காலம் ஆனால் ஒரே ஆட்டம் என்றாள். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது, சந்தோஷமான பயம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்திருந்தார் அத்தை. நானும் உதவுகிறேன் என்று அடுக்களைக்குள் போய், கொதிக்கிற பயற்றுக் கறியில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். அத்தை பார்த்துவிட்டார். அந்தச் சட்டியை அப்படியே இறக்கித் தள்ளி வைத்துவிட்டு வேறு சட்டியில் முதலிலிருந்து ஆரம்பித்தார். செல்வி என்னை இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். இந்த வீட்டில் விளம்புவதற்கு, அதாவது இலையில் பரிமாறுவதற்கு, முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாது, அது எச்சில். சாதாரண நாளிலேயே இப்படி என்றால் நாளைக்குச் சாமிக்குப் படைக்கிற சோறு, மூக்கைக்கூடக் கிட்டே கொண்டு போகாதே என்றாள். நான் தள்ளி வைத்த சட்டியைத் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் வீடு மணந்தது. அத்தை பாலராமபுரம் நெசவில் சரிகைக் கசவு வைத்த முண்டும் மேலே நேரியதும் உடுத்தியிருந்தார். சுண்டைக்காயை நசுக்கி, விதை களைந்து, தேங்காய் சேர்த்துத் துவட்டினார். ஒரு துணுக்குக்கூட அவர் வாய்க்குப் போகவில்லை. விளக்கின் முன் படையல் போட்டார்கள். புத்தரிக்குக் கதிர் அறுத்த மணிகண்டன் எங்கள் மூவருக்கும் விளம்பிவிட்டு, ஒரு பங்கை அம்பலத்துச் சாமிக்குக் கொண்டு போய்க் கொடுத்து வந்து கடைசியில் உண்ண வேண்டும் என்பதும் வழக்கமாம். அதனால் அத்தை, செல்வி, நான் மூன்று பேர் மட்டும் இலையில் உட்கார்ந்தோம்.

உட்காருமுன் அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மக்கா, இன்னைக்கு இலையில இருக்கது எதுவானாலும் குத்தம் பறயப்பிடாது. கசந்தாலும் நல்லாருக்குன்னாக்கும் சொல்லணும். அந்திக்கு விளக்கு ஏத்துறது வரைக்கும். புதுச்சோத்துல கசப்புன்னு வாய் சொன்னா வருசம் முழுக்கக் கசக்கும்."

சரி என்றேன். சோறு அருமை. சுண்டைத் துவட்டலில் ஒரு துணுக்கை வாயில் போட்டேன். கசப்பென்றால் எனக்குப் பாகற்காய் தெரியும், வேப்பம்பூ தெரியும். இது நாக்கில் ஏறிக்கொண்டு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தையைப் பார்த்தேன், முகம் மாறாமல் மென்று கொண்டிருந்தார். செல்வியின் நெற்றியில் வேர்வை, ஆனாலும் மென்றாள். இவர்கள் பழகியவர்கள், நான்தான் கசப்பு தாங்காதவள் என்று நினைத்துக்கொண்டேன். மீதியை யாரும் பார்க்காதபோது சோற்றுக்குள் புதைத்து இலையை மடித்துவிட்டேன். அத்தை மகனிடம் செல்விக்கு இன்னொரு முறை விளம்பச் சொன்னார். பிள்ளைக்கு நல்லது என்றார். அவள் அதையும் தின்றாள்.

எப்படி இருந்தது என்று மணிகண்டன் கேட்டார். நல்லாருக்கு என்றார்கள் இரண்டு பேரும். நல்லாருக்கு என்றேன் நானும்.

அவர் அம்பலத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் செல்வி தலை வலிக்கிறது என்று படுத்தாள். கர்ப்பிணிக்கு வருவதுதானே என்று தைலம் தேய்த்தேன். எழுந்து கிணற்றடிக்கு ஓடினாள். நின்றபாடில்லை. சோறு போய், தண்ணீர் போய், பிறகு பச்சையாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உள்ள எரியுது" என்றாள். நான் அத்தையைக் கூப்பிடத் திரும்பினால், அவர் அடுக்களை வாசலில் தூணைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அவரும் வாந்தி எடுத்திருக்கிறார். நேரியதின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, அவளப் பாரு" என்றார்.

இலையை மடித்த நான் மட்டும் திடமாக நின்றேன். எதற்கும் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் அந்த வீட்டில் நடமாடும் நிலையில் இருந்தேன்.

அம்பலத்திலிருந்து வந்த மணிகண்டன் வாசலோடு திரும்பி ஓடிப்போய் ஜங்ஷனிலிருந்து ஒரு ஜீப்பைக் கூட்டி வந்தார். மழை விடவில்லை. ஜீப்பின் வைப்பர் கெட்டுப்போயிருந்தது. அதில் ஒரு கயிற்றைக் கட்டி ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார் டிரைவர். முன்சீட்டில் உட்கார்ந்தவர் அதை இழுத்து இழுத்து விடவேண்டும். அது நானாகிவிட்டேன். இழுத்தால் ரோடு தெரியும், விட்டால் வெள்ளையாகிவிடும். பின்னால் அத்தைக்கும் மணிகண்டனுக்கும் நடுவில் செல்வி முனகிக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்த்தால் கை நின்றுவிடும், டிரைவர் வலி, வலி என்பார், அந்த ஊரில் இழு என்பதற்கு அதுதான் சொல். தங்கை முகத்தைப் பார்க்காமல் நெய்யாற்றின்கரை வரை கயிற்றை இழுத்துக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் மழைக்காக ஏங்குவோம். அன்று அந்த மழையைச் சபித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மலையாளத்தில்தான் பேசினார், மணிகண்டன் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். புத்தரிச் சோறு, சுண்டை என்றோம். சுண்டை என்றதும் செல்வியின் கண்ணிமையைத் திறந்து பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: எப்போதும் தின்கிற சுண்டையென்றால் இது அஜீரணம், ஊசி போட்டால் நிற்கும், ஏழு மாத வயிற்றுக்காரிக்குத் தொண்டையில் குழாய் விட்டுக் கழுவ எனக்கு மனமில்லை, அந்த உலுக்கலில் வலி வந்துவிடலாம். ஆனால் மலையில் இன்னொரு சுண்டை உண்டு. அதுவென்றால் இப்போதே கழுவியாக வேண்டும், இருப்பது உள்ளே இறங்கிவிடக்கூடாது. எது என்று எனக்குத் தெரிய வேண்டும். மற்ற வருஷத்தைவிட அதிகம் கசந்ததா?

செல்வியிடம் கேட்டார். அவள் கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கசந்தது, எரிந்தது என்று நான் கத்தினேன். நீங்கள் எவ்வளவு தின்றீர்கள் என்று கேட்டார் டாக்டர். ஒரு துணுக்கு என்றேன். முன்பு தின்றதுண்டா? இல்லை. சுண்டை என்றால் கசக்கத்தானே செய்யும் என்றார். அவர் கேட்டது சரிதான். செல்விக்கும் அதுதான் முதல் புத்தரி. மணிகண்டன் அன்று தின்னவே இல்லை. எல்லா வருஷமும் தின்றவர், இந்த வருஷமும் தின்றவர் ஒரே ஒருவர்தான்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழைக்குள் இன்னும் வெளிச்சம் இருந்தது. விளக்கு ஏற்றுகிற நேரம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இந்த அம்மாள் வாயைத் திறக்கப் போவதில்லை, என் தங்கை இங்கேயே போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

"கசப்பாக்கும் இருந்தது, டாக்டரே. எந்த வருசமும் இப்பிடிக் கசந்ததில்ல. தொண்டை வரைக்கும் எரிஞ்சது. நான் சொல்லல்ல. அவளுக்கு ரெண்டாவதும் விளம்பச் சொன்னது நானாக்கும்."

டாக்டர் மணிகண்டன் பக்கம் திரும்பி, பறித்த செடியில் முள் இருந்ததா என்று கேட்டார். மணிகண்டன் தன் கைகளைப் பார்த்தார். நேற்று எங்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்த அதே கைகள். இல்லை என்றார். டாக்டர் அதற்கு மேல் நிற்கவில்லை, செல்வியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவு வழியே கேட்ட ஓங்கரிப்பை நான் எழுதப் போவதில்லை. வராந்தாவில் நின்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத ஊர்ச் சாமிகளையும் கூப்பிட்டேன். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மனசில் ஓடியது. தெருவில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே பயந்தேன். அத்தை என்னிடம் வந்து, மகனுக்குக் கேட்காதபடி சொன்னார். "விளக்கு ஏத்துறதுக்கு முன்ன சொல்லியாச்சு. இனி ஒண்ணு வரதா இருந்தா என் நாக்குக்கு வரணும். பிள்ளைக்கு வரப்பிடாது." சொல்லி முடித்ததும் அப்படியே சரிந்தார். அவர் தின்றதும் கொஞ்சமல்ல. எங்களைக் கேள்வி கேட்டு மிரட்டிய டாக்டர் அவரையும் ஒரு கட்டிலில் போட்டு பாட்டில் ஏற்றினார்.

சாயங்காலம் டாக்டர் மரத்தால் செய்த ஒரு சிறிய குழலைச் செல்வியின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செல்வி என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். துடிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நான் உட்கார இடம் தேடினேன். ஆனாலும் நாளை வரை பார்க்க வேண்டும், அசைவு தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் சொன்னார். சாயங்காலமானால் ஆடுகிற பிள்ளை அன்று ஆடவில்லை.

மறுநாள் காலையில் மணிகண்டன் மலையிலிருந்து ஒரு கிளையை நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அதைப் பார்க்கவே நடுக்கம், ஆனாலும் பார்த்தேன். அகல இலை. அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்து, பச்சைப்பிள்ளைக் காது மடல் மாதிரி மெத்தென்றிருந்தது. கொத்துக் கொத்தாகக் காய். முள் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குக் காயை மட்டும் சந்தையில் பார்த்துப் பழக்கம், செடியைப் பார்த்ததில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய், ஊமத்தை எல்லாம் இதே குடும்பந்தான் என்றார் டாக்டர். ஒரே வீட்டில் சோறு போடுகிறவர்களும் உயிரை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சிரிப்பாக இல்லை.

அன்று மதியம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது செல்வி "அக்கா" என்றாள். கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "அசையுது" என்றாள். கையை வைத்தேன். அந்த உருளல் இருந்தது. நான் அழுதேன், அதில் வெட்கமில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்து வந்த அத்தையின் கையையும் பிடித்து வைக்கப் போனாள் செல்வி. அத்தை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வேண்டாம், நீயே பாரு மக்கா என்று என்னைக் காட்டினார்.

நாலைந்து நாள் அந்த வீட்டிலேயே தங்கினோம். சிவப்புத் தண்ணீரை நான் குடிக்கப் பழகிவிட்டேன். நல்ல வாசனை. அத்தை எங்களுக்குச் சமைத்தார். சட்டியை இறக்குவார், விளம்புவார், நாங்கள் முதல் வாய் உண்ணும்வரை செல்வியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் புறப்பட்டோம்.

பாறசாலை பஸ் ஸ்டாண்டு வரை அத்தையும் வந்தார். எங்களை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு மணிகண்டன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அத்தையின் கையில் வாட்டிய வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு இருந்தது. புது அரிசிதான். செல்வி ஜன்னல் வழியே கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், கட்டை அவிழ்த்தார். சோற்றில் ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். துவையலில் ஒரு விரல். பொரியலில் ஒரு துணுக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செல்வி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். "கசப்பில்ல."

செல்வி மறுபடியும் கையை நீட்டினாள். "நில்லு மக்கா" என்றார் அத்தை. இலையை மடித்து நூலைச் சுற்றி, பொதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தார். மணிகண்டன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து எங்களிடம் நீட்டியபோதும் அப்படியே நின்றார். தொண்டை எரிகிறதா என்று காத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. கண்டக்டர் மணியடித்து பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான், கூடவே நாலு எட்டு நடந்து வந்து, அதை என் தங்கையின் கையில் கொடுத்தார்.